நர்சிங் ஹோம் விரிவாக்கமும் பஞ்சாயத்தின் கடமையும்

பஞ்சாயத்துக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் வழக்கமாக இடம்பெறும் பொருள்கள் யாவரும் அறிந்தவையே. தெரு விளக்கு, குடிநீர்க் குழாய், சாலை செப்பனிடுதல், வரி நிலுவை ஆகியவற்றை அங்கத்தினர்கள் நெடுநேரம் விவாதிப்பர். அவற்றில் ஒவ்வொருவருக்கும் நேரடி அனுபவம் உண்டு. ஆனால், “இன்ன சர்வே எண்ணிலுள்ள நர்சிங் ஹோமை விரிவுபடுத்த அனுமதி கோரும் மனு” என்று ஒரு பொருள் வருமாயின், அது பத்து நிமிடங்களில் முடிந்துவிடுவதைக் காண்கிறோம். ஒன்று, “ஆட்சேபணை இல்லை” என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறும். அன்றேல், “பொதுமக்கள் எதிர்ப்பு இருப்பதால் நிராகரிக்கப்பட்டது” என்று எழுதப்படும். இவ்விரண்டில் எது எழுதப்படினும், மனுவைப் பஞ்சாயத்து பரிசீலித்ததாக ஆகாது. பரிசீலித்தல் என்றால் என்ன, அதனை எங்கே தொடங்கி எவ்வாறு நடத்துவது என்பதை, நாம் பணியாற்றிய வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்றை முன்வைத்து இங்கே விளக்க முற்படுகிறோம்.

இத்தகைய மனுக்கள் இனிக் குறையப் போவதில்லை. நம் பாட்டிமார் காலத்தில் பிரசவம் வீட்டின் உள்ளறையில் நடந்தது. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100க்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நடைபெறுகின்றன. அரசினர் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இப்பணியில் பெரும்பங்கு ஆற்றுகின்றன. அவற்றோடு, சாலையோரக் கிராமங்களில் டாக்டர்கள் தம் வீட்டின் முன்கூடத்தில் தொடங்கிப் படிப்படியாக வளர்த்த சிறு நர்சிங் ஹோம்களும் இருக்கின்றன. அவை வளர விரும்பும்போது நிலம் வேண்டும், நீர் வேண்டும், கழிவு செல்ல வழி வேண்டும். இம்மூன்றும் விவசாயியின் கையிலும் இருப்பவை. ஆதலின் இது டாக்டருக்கும் அலுவலகத்துக்கும் இடையேயுள்ள காகித விஷயம் அன்று.

ஒரு கிராமத்தில் நிகழ்ந்தது

கண்மாய்ப் பாசனமுள்ள ஒரு கிராமம். இரு நகரங்களை இணைக்கும் சாலை அதன் ஓரமாகச் செல்கிறது. கணவனும் மனைவியுமாகிய இரு டாக்டர்கள் அங்கே 10 படுக்கைகள் கொண்ட நர்சிங் ஹோமைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்தனர். சுற்றுப்புறத்துப் பதினைந்து ஊர்களுக்கு இரவு நேரத்தில் கதவு திறக்கும் இடம் அதுவே. அவர்கள் அடுத்திருந்த அரை ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கி, மேலும் 20 படுக்கைகளும் ஓர் அறுவை அரங்கும் அமைக்க மனுச் செய்தனர். ஆவணி மாதக் கூட்டத்தில் பஞ்சாயத்து ஏகமனதாக இசைந்தது. ஊருக்கு நன்மை என்று எல்லோரும் மகிழ்ந்தனர். வரைபடத்தைக் கூட்டத்தில் எவரும் விரித்துப் பார்க்கவில்லை.

நம்முடைய குற்றமும் இதில் உண்டு. தீர்மான நகல் நம் மேசைக்கு வந்தது. அஃது ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது, கையொப்பங்கள் இருந்தன. ஸ்தலத்தைப் பார்க்காமலே மேலே அனுப்பி வைத்தோம். அந்தக் கிராமம் நம் அலுவலகத்திலிருந்து 14 கிலோமீட்டர்தான்.

ஐப்பசி மழை தொடங்கிய பின்னர், வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வாய்க்கால் நீரைப் பிடித்துக்கொண்டு நம்மிடம் வந்தார். “ஐயா, இதை மோந்து பாருங்கள். பத்துக் கட்டிலுக்கே இப்படி என்றால் முப்பது கட்டிலுக்கு என் நாற்றங்கால் என்னாகும்?” என்று கேட்டார். அந்த நீரை முகர்ந்த பின் அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

செய்தி ஊரில் பரவிற்று. அடுத்த கூட்டத்தில் பஞ்சாயத்து தன் முந்தைய தீர்மானத்தை ரத்துச் செய்தது. ஸ்தலத்தை அப்பொழுதும் எவரும் பார்க்கவில்லை, காரணமும் எழுதவில்லை. “பொதுமக்கள் எதிர்ப்பு” என்ற இரு சொற்கள் மட்டும் பதிவேட்டில் ஏறின. டாக்டர் மனமுடைந்தவராய், இடத்தை விற்றுவிட்டு நகரத்துக்கே போய்விடப் போவதாகக் கூறினார். அவர் போயிருந்தால் இரவில் வலி கண்ட பெண்ணை 26 கிலோமீட்டர் கொண்டு செல்ல வேண்டியிருக்கும். இருந்தபடியே கட்டியிருந்தால், மடைக்குக் கீழேயுள்ள வயல்கள் அனைத்தும் கெட்டிருக்கும். எந்த முடிவை நிலைநிறுத்தினாலும் ஊருக்கு இழப்பாக இருந்தது.

சட்டம் கேட்பது என்ன?

நகர அமைப்புச் சட்டம் நம் மாநிலத்தில் முதன்முதல் 1920ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அது பட்டணங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமே ஊர்ப்புறத்தையும் சேர்த்து எண்ணியது. கட்டட விதிகள் நெடுங்காலம் வரை நகராட்சிக்கு ஒன்று, கிராம ஊராட்சிக்கு ஒன்று எனத் தனித்தனியே இருந்தன. 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அவற்றை ஒன்றாக்கின. ஆகவே, “இது கிராமந்தானே, நகரத்து விதி எதற்கு?” என்ற கேள்விக்கு இன்று இடமில்லை.

திட்ட அனுமதி கோரும் மனுவை ஆராயும்போது எதைக் கருத வேண்டும் என்பதை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதி எந்த நோக்கத்திற்காகக் கேட்கப்படுகிறது? அந்த நோக்கத்திற்கு அந்த இடம் பொருத்தமானதுதானா? அப்பகுதியின் வருங்கால வளர்ச்சிக்கும் பராமரிப்புக்கும் அது எவ்வாறு அமையும்? இந்த மூன்று கேள்விகளே. மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டில், “பொதுமக்கள் எதிர்ப்பு” என்ற சொற்கள் ஒரு நாள்கூட நில்லா. “கழிவுநீர் பாசன வாய்க்காலை அடைகிறது, அதற்கு மாற்று வழி வரைபடத்தில் காட்டப்படவில்லை” என்று எழுதியிருந்தால் அது நிற்கும்.

இனி, நிலம் எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும். கிராமம் ஒரு நகரின் முழுமைத் திட்டப் பகுதிக்குள் அடங்கியதா, வெளியே உள்ளதா? உள்ளே இருப்பின், அத்திட்டத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதேனும் ஓர் உபயோக மண்டலத்தில் சேர்க்கப்பட்டிருக்கும். குடியிருப்பு, வணிகம், தொழில், பொது நிறுவனம், வேளாண்மை என்று அவை பிரிக்கப்பட்டு வெவ்வேறு வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். சிலவகைக் கட்டடம் சில மண்டலத்தில் நேரே அனுமதிக்கப்படும். சிலவற்றுக்கு அளவு வரம்பு உண்டு. சிலவற்றுக்கு மண்டலத்தையே மாற்றி வகைப்படுத்த மனுச் செய்ய வேண்டும். அவ்வாறு மாற்றும்போது பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபங்கள் கேட்கப்படும். அந்த அறிவிப்பைப் பஞ்சாயத்துப் பலகையிலும் ஒட்டி வைப்பது நல்லது. விவசாயப் பெருமக்களுள் எத்தனை பேர் பத்திரிகையின் உட்பக்கத்து அறிவிப்பைப் படிக்கின்றனர்?

திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமமாயின், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதற்கு 2017ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள் பொருந்தும். நகர் ஊரமைப்பு அலுவலகம் வேளாண்மைத் துறையின் கருத்தைக் கேட்கும். நிலம் நஞ்சையாகப் பதிவாகியிருப்பின் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். நம் கிராமத்து டாக்டர் வாங்கிய அரை ஏக்கர் நஞ்சை நிலம். விற்றவர் பல ஆண்டுகளாகத் தரிசாகப் போட்டிருந்ததால், அது புஞ்சை என்றே டாக்டர் நம்பியிருந்தார். ‘அ’ பதிவேட்டை ஒருமுறை புரட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நிலத்தின் தோற்றத்தைக் கொண்டு வகையை முடிவு செய்தல் ஆகாது.

வேறொன்றும் வெளிப்பட்டது. பழைய கட்டடத்தின் அனுமதியைத் தேடியபோது, அது குடியிருப்பு வீடு கட்டப் பெற்ற அனுமதியாக இருந்தது. வீட்டு வரிப் பதிவேட்டிலும் அது இன்னும் வீடாகவே இருந்தது! 10 படுக்கைகள், ஓர் எக்ஸ்ரே அறை, வாசலில் விளக்கெரியும் பெயர்ப்பலகை, இத்தனையும் கொண்ட ஒன்றை நாம் எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை வரி ரசீதில் வீடென்று எழுதி வந்தோம். டாக்டர் எதையும் மறைத்தவர் அல்லர். எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விரிவாக்க மனு வந்தால் பழைய கட்டடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை இதிலிருந்து அறியலாம். புதிய பகுதிக்கு மட்டும் வரைபடம் கொடுத்தால், முழு மனையின் வரைபடத்தைக் கேட்டு வாங்குக.

கட்டட அனுமதியை இன்ன அளவு வரை பஞ்சாயத்து வழங்கலாம், அதற்கு மேல் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும் என்னும் வரம்பு அரசாணைகளால் அவ்வப்போது மாற்றப்படுவது; ஆதலின் மனு வந்த நாளில் நடப்பிலுள்ள ஆணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மனு இப்பொழுது இணையவழி வருகிறது. கட்டணமும் அவ்வாறே செலுத்தப்படுகிறது. பஞ்சாயத்துத் தலைவரோ, தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரோ கையொப்பமிடுவர். கணிப்பொறி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சில செயலாளர்கள் எண்ணுகின்றனர். அது வரைபடத்தைக் காட்டுமேயன்றி, வாய்க்காலை முகர்ந்து பார்க்காது.

ஸ்தலத்தில் கேட்க வேண்டியவை

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், உதவிப் பொறியாளர், நில அளவர், கிராம நிர்வாக அலுவலர், சுகாதார ஆய்வாளர், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நால்வர் ஆகியோருடன் அவ்விடத்துக்குச் சென்றோம். டாக்டரையும் அந்தப் பெரியவரையும் வரச் சொல்லியிருந்தோம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எதிரெதிர் மூலையில் நின்றனர்.

முதலில் நீரைப் பற்றிக் கணக்கிட்டோம். நூறு படுக்கைக்கு மேற்படாத மருத்துவமனைக்கு, படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 340 லிட்டர் நீர் வேண்டும் என்பது தேசியக் கட்டட நெறித் தொகுப்பின் கணக்கு. துணி வெளுப்பதும் அதில் அடங்கும். 30 படுக்கைகளுக்கு 10,200 லிட்டர் ஆகிறது. கிராமக் குடிநீருக்கு 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று நிர்ணயித்தது. ஆகவே 30 படுக்கை நர்சிங் ஹோம் ஒன்று, 185 பேர் வாழும் ஒரு தெருவுக்குச் சமமான நீரைக் கேட்கிறது. இதனைச் சொன்னவுடன், அதுவரை சும்மா நின்ற அங்கத்தினர் ஒருவர், “அப்படியானால் மேலத் தெருவுக்கு இன்னொரு மேலத் தெருவைக் கட்டுகிறார்கள்” என்றார். கணக்கு அவருக்குச் சட்டெனப் புலப்பட்டுவிட்டது. ஆழ்துளைக் கிணறு டாக்டரின் சொந்தமாயினும், நிலத்தடி நீர் அடுத்த கிணற்றுக்காரருக்கும் உரியதே. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். அது வரைபடத்தில் ஒரு வட்டமாக மட்டும் இல்லாமல் தரையில் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

உள்ளே வந்த நீர் வெளியே போயாக வேண்டும். 10,200 லிட்டரில் ஏறத்தாழ 8,000 லிட்டர் கழிவாகத் திரும்பும். பழைய செப்டிக் டேங்கைத் திறக்கச் செய்தோம். ஐந்தாறு பேர் வாழும் வீட்டுக்கென்று கட்டிய தொட்டி அது. பத்து நோயாளிகளும் அவர்களுக்குத் துணையாக வந்தவர்களும் அதையே பயன்படுத்தினர். நிரம்பி வழிந்த நீர், சுவருக்கு வெளியே புதைந்திருந்த குழாய் வழியே வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. குழாயைப் பதித்தது யார் என்று கேட்டோம். பழைய கொத்தனார் என்றனர். அவர் இப்பொழுது இல்லை. டாக்டர் தலை குனிந்து, “இப்படி ஒரு குழாய் இருப்பது எனக்கே தெரியாது” என்றார். நாம் அதை நம்பினோம்.

இதற்கிடையில் நில அளவர் சங்கிலி பிடித்து முடித்திருந்தார். புல வரைபடத்தில் வாய்க்காலின் அகலம் 4 மீட்டர். தரையில் இருந்ததோ 1.8 மீட்டர். நர்சிங் ஹோமின் சுற்றுச் சுவர் 1.2 மீட்டரை உள்ளடக்கியிருந்தது. மீதி 1 மீட்டரைப் பெரியவரின் வயல் வரப்பு விழுங்கியிருந்தது. அவரும் தலை குனிந்தார். அந்த நேரத்திலிருந்துதான் இருவரும் பேசத் தொடங்கினர்.

மருத்துவக் கழிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் விவசாயிகள் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்கள். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவு உண்டாகும் இடத்திலேயே நிறம் பார்த்துப் பிரிக்கப்பட வேண்டும். உடலின் பகுதிகள், இரத்தம் தோய்ந்த பஞ்சு, காலாவதியான மருந்து ஆகியவை மஞ்சள் பையில். குழாய், சலைன் பாட்டில் போன்ற பிளாஸ்டிக் பொருள்கள் சிவப்பில். ஊசி, கத்தி போன்ற கூரியவை துளைபடாத வெள்ளைக் கலத்தில். கண்ணாடி நீல அடையாளமிட்ட பெட்டியில். மஞ்சள் பையிலுள்ள உடற்பகுதிகளையும் இரத்தம் தோய்ந்தவற்றையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. 75 கிலோமீட்டர் தூரத்துக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்குமாயின், மருத்துவமனை தன் வளாகத்தில் தானே எரிக்கும் உலை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்நிலையத்தின் வண்டியிலேயே அனுப்ப வேண்டும். ஆகவே அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய கேள்வி எளிது: வண்டி எந்தெந்த நாளில் வருகிறது, அதுவரை பை எங்கே வைக்கப்படுகிறது? கொல்லைப் புறத்தில் கரிந்த தடம் இருந்தால் விடை தானே கிடைத்துவிடும். இதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் தேவை. படுக்கை எண்ணிக்கை கூடும்போது அந்த அங்கீகாரத்தையும் திருத்திப் பெற வேண்டும். அதுபோலவே, 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழுள்ள பதிவையும் மாவட்டத்தின் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் திருத்த வேண்டும். இவை பஞ்சாயத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல. எனினும் நகல் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தல் நம் வேலை.

பாதை அடுத்தது. வரைபடத்தில் “7 மீட்டர் சாலை” என்று எழுதியிருக்கும். ஆனால் வைக்கோல் போரும், மாட்டுக் கொட்டகையும், வீட்டுத் திண்ணையும் கழிந்தது போக மிஞ்சுவது எவ்வளவு? மிகக் குறுகிய இடத்தில் டேப் பிடித்து அளக்க வேண்டும். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்பிப் போக இயலுமா, தீயணைப்பு வண்டி எதுவரை வரும் என்று நடந்தே பார்க்க வேண்டும்.

தீயைப் பற்றிப் பேசும்போது சிலர் அபசகுனம் என்கின்றனர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றில் 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறக்க இயலாது. ஓலைக் கூரையும், குறுகிய படிக்கட்டும், அவற்றைக் காணாது கையொப்பமிட்ட காகிதங்களும் அங்கே சேர்ந்திருந்தன. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பற்றி ஆறு பேர் இறந்தனர். மின்தூக்கியினுள் மயங்கிக் கிடந்தவர்களும் அவர்களில் உண்டு. பள்ளிச் சிறுவன் ஓடுவான். வயிறு கிழித்துத் தைத்த தாய் எழுந்து ஓடமாட்டாள். ஆகையால் மருத்துவமனைக்கு இரண்டாவது படிக்கட்டும், கட்டிலோடு இறக்கக்கூடிய சாய்தளமும் ஆடம்பரம் அல்ல. வரைபடத்தில் உள்ள வெளி வழியின் முன்னே ஜெனரேட்டரை நிறுத்தி அடைத்துவிடுவது நாம் பல இடங்களில் கண்ட வழக்கம்.

ஒலியைப் பற்றியும் கேள்வி எழுந்தது. மாரியம்மன் கோயில் அங்கிருந்து சற்றுத் தூரந்தான். நர்சிங் ஹோம் பெரிதானால் பங்குனித் திருவிழாவில் கொட்டு மேளம் கூடாதென்று தடை வருமோ என்று பூசாரி அஞ்சினார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின் கீழ் மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படக்கூடும் என்பது உண்மை. மேளம் ஒருபுறம் இருக்க, ஒலிபெருக்கிக் குழாயை நர்சிங் ஹோம் பக்கம் திருப்பாமல் கட்டலாம் என்று பூசாரியே பின்னர் யோசனை கூறினார்.

அனுமதிக்கு விலை பேசுதல்

இதனை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. சில ஊர்களில் மனு வந்தவுடன், கோயில் திருப்பணிக்கு இவ்வளவு, கபடிக் குழுவுக்கு இவ்வளவு, சமுதாயக் கூடத்துக்கு மின்விசிறி இத்தனை என்று கேட்கின்றனர். பொதுக் காரியத்துக்குத்தானே என்று சமாதானமும் கூறுகின்றனர். நன்கொடை வாங்கிய பஞ்சாயத்து, குழாய் வாய்க்காலில் விழுவதைக் கண்டால் எந்த வாயால் கேட்கும்? மனு நிலுவையில் உள்ள வரையில் மனுதாரரிடம் ஒரு ரூபாயும் பொதுக் காரியத்துக்கென வாங்கலாகாது என்பது நம் உறுதியான கருத்து. பஞ்சாயத்துக்கு உரியது வரி. கட்டடம் வளர்ந்தால் வரியும் முறைப்படி மறுமதிப்பீடு செய்யப்படும். ஊழியர்களுக்குரிய தொழில் வரியும் வரும். அதுவே மானமுள்ள வருமானம். அதுபோல, பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் அங்கத்தினரும், நிலத்தை விற்ற அங்கத்தினரும் அந்தப் பொருள் வரும்போது ஒதுங்கி நிற்பது முறை.

நிபந்தனை எழுதும் விதம்

“வேண்டாம்” என்பதற்கும் “சரி” என்பதற்கும் இடையே பரந்த இடமுண்டு. அதுவே நிபந்தனையோடு கூடிய அனுமதி. அன்று ஸ்தலத்திலேயே அரச மரத்தடியில் அமர்ந்து, டாக்டரின் பொறியாளரை வைத்துக்கொண்டு வரைபடம் திருத்தப்பட்டது. புதிய கட்டடம் வாய்க்கால் பக்கமிருந்து சாலைப் பக்கமாக நகர்த்தப்பட்டது. 20 படுக்கைகளுக்குப் பதில் 14 என்று டாக்டர் குறைத்துக்கொண்டார். நகர்த்திய பின் இடம் அவ்வளவே கொண்டது. செப்டிக் டேங்கை அகற்றி, கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி அமைத்து, தெளிந்த நீரை வளாகத்துக்குள்ளேயே தென்னைக்கும் புல்லுக்கும் விடுவது என்று தீர்மானமாயிற்று. சுற்றுச் சுவரை டாக்டரும், வரப்பைப் பெரியவரும் தத்தம் செலவில் பின்வாங்க வேண்டும். வாய்க்கால் மீண்டும் 4 மீட்டராகும்.

இவற்றைத் தீர்மானத்தில் எழுதும்போது கவனம் வேண்டும். “அண்டை நிலத்தாருக்குத் தீங்கின்றி நடத்தப்பட வேண்டும்” என்று எழுதுவதால் பயனில்லை. எது தீங்கு என்று நாளை சண்டை வரும். அளக்கக் கூடியதாக, கண்ணால் காணக் கூடியதாக எழுதுக. “சர்வே எண் இன்னதின் மேற்கு எல்லையில் எக்குழாயும் திறக்கலாகாது, சுத்திகரிப்புத் தொட்டி செயற்படத் தொடங்கிய பின்னரே புதிய வார்டில் முதற் படுக்கை இடப்படும்” என்பது போல. இந்த இரண்டாவது நிபந்தனையைச் சொன்னவர் அந்தப் பெரியவர்தான். சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் நீர் பாய்ச்சுகிறவருக்கு மடையை எப்போது அடைக்க வேண்டும் என்பது தெரியும்.

கிராம சபையிலும் இது வைக்கப்பட்டது. அனுமதி வழங்குவது கிராம சபையின் வேலை அன்று. எனினும் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அச்சபையில் வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு, நிபந்தனைகளை உரக்கப் படித்தால், பின்னர் அவற்றைக் கண்காணிக்க ஊரே இருக்கும். குடியரசு நாளன்று கூடிய சபையில் பெண்கள்தாம் அதிகம் பேசினர். நோயாளியோடு வரும் பெண்கள் இரவில் தங்க ஒரு கூரையும் கழிப்பறையும் வேண்டும், அவை வரைபடத்தில் இல்லை என்று அவர்கள் கேட்டனர். பொறியாளர்கள் இருவரும் அலுவலர்களாகிய நாமும் அதை எண்ணிப் பார்க்கவில்லை. அது சேர்க்கப்பட்டது.

நில உபயோக மாற்றமும், பிற துறைகளின் இசைவும், இறுதித் திட்ட அனுமதியும் கிடைக்க முதல் மனுவிலிருந்து 13 மாதங்கள் ஆயின. முதற் கூட்டத்துக்கு முன்னரே ஒருநாள் ஸ்தலத்துக்குப் போயிருந்தால், இதில் பாதிக் காலம் மிஞ்சியிருக்கும்.

அனுமதி கொடுத்ததோடு கோப்பைக் கட்டி வைத்துவிடுவது பஞ்சாயத்துகளில் காணும் மற்றொரு குறை. அடித்தளம் தோண்டும் நாளில் ஒருமுறை, கூரை போடுமுன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். பெரிய கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று இன்றி மின் இணைப்பு பெறுதல் இயலாது. ஆகவே அச்சான்று வழங்கும் அலுவலகத்துக்குப் பஞ்சாயத்தின் நிபந்தனைகளின் நகல் முன்னரே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கோப்பில் புல வரைபடம், ‘அ’ பதிவேட்டு நகல், அனுமதிக்கப்பட்ட வரைபடம், நிபந்தனைத் தீர்மானம், கழிவு அங்கீகார நகல், படுக்கை எண்ணிக்கை எழுதிய பதிவுச் சான்று ஆகிய ஆறும் இருக்கட்டும். அவற்றோடு, ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள், அங்கத்தினர் இருவரும் சுகாதார ஆய்வாளரும் வாய்க்காலோரமாக நடந்துவந்து எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் சேர வேண்டும். எந்தக் குழாயும் தன் உண்மையைக் காட்டுவது அந்த நாளில்தான். நாம் சொன்ன கிராமத்தில் இதுவரை அத்தகைய குறிப்புகள் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் பெரியவர் சாட்சியாகக் கைநாட்டு வைத்திருக்கிறார். இரண்டாவதில், வரப்பு மீண்டும் அரை அடி நகர்ந்திருப்பதாக நில அளவர் எழுதியுள்ளார்; அது பற்றி அவருக்கு நோட்டீசு அனுப்பப்பட்டுள்ளது.